புதிதாக மீன் தொட்டி வைப்பவருக்கு: எந்தச் செடி, எவ்வளவு வெளிச்சம்?

கேள்வி இது: 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரமுள்ள தொட்டி. நன்னீர் மீன்களோடு உயிருள்ள செடிகளும் வளர்க்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைக்கும் எண்ணம் இல்லை. எந்த விளக்கு வாங்குவது, எந்தச் செடிகளில் தொடங்குவது?

விளக்கை வாங்கிவிட்டுச் செடியைத் தேடுகிறார்கள் பலர். அதை மாற்றிச் செய்யுங்கள். முதலில் செடிகளை முடிவு செய்யுங்கள், அந்தச் செடிகளுக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு வெளிச்சம் மட்டும் கொடுங்கள். புதுத் தொட்டிகளில் செடி கெடுவது வெளிச்சம் குறைந்ததால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது அளவுக்கு மீறியதால்தான் கெடுகிறது.

காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா முடிவும் எளிதாகிவிடும். வெளிச்சம் செடியின் பசியைக் கூட்டுகிறது. வெளிச்சம் கூடக்கூடச் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜன், பொட்டாசியம், இரும்பு முதலிய சத்துகளும் வேகமாக வேண்டும். தனியாக வாயு செலுத்தாத தொட்டியில் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். பலமான விளக்கின் கீழ் செடிகள் அதைச் சீக்கிரம் தீர்த்துவிட்டு வளர்ச்சியை நிறுத்திவிடும். விளக்கோ எரிந்துகொண்டே இருக்கும். மிகக் குறைந்த சத்திலும் பிழைக்கத் தெரிந்த பாசி அந்த வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும். மூன்றே வாரத்தில் கண்ணாடியும் இலையும் பச்சையாகப் படிந்துபோவது இதனால்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் தொட்டியின் மொத்தக் கொள்ளளவு கிட்டத்தட்ட 65 லிட்டர். அடியில் மணலும் மேலே விடும் இடைவெளியும் போக உண்மையில் நிற்கும் தண்ணீர் சுமார் 54 லிட்டர். எளிதில் வளரும் செடிகளுக்கு லிட்டருக்கு 15 முதல் 20 லூமன் (விளக்குப் பெட்டியில் போட்டிருக்கும் பிரகாச அளவு) போதும். ஆக, 800 முதல் 1,100 லூமன் தரும் விளக்கு வேண்டும். தரமான எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 80 முதல் 100 லூமன் தருவதால், 10 முதல் 12 வாட் விளக்கு உங்கள் தொட்டிக்குச் சரியாக இருக்கும். லிட்டருக்கு 40 லூமனைத் தாண்டினால் வாயு செலுத்தாமல் சமாளிப்பது கடினம்.

"கேலனுக்கு இத்தனை வாட்" என்ற பழைய கணக்கை யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். அது குழல் விளக்குக் காலத்தில் வந்த கணக்கு. எல்இடி அதே வாட்டில் கூடுதல் வெளிச்சம் தருவதால் அந்தக் கணக்கில் வாங்கினால் தொட்டி பாசிக்குளமாகிவிடும்.

லூமன் என்பதும் மனிதக் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தின் அளவுதான். நம் கண் பச்சை ஒளியை அதிகமாகவும், செடி விரும்பும் சிவப்பையும் நீலத்தையும் குறைவாகவும் உணரும். அதனால் சிவப்பு, நீல டையோடுகள் நிறைய உள்ள விளக்கில் லூமன் குறைவாகக் காட்டினாலும் செடிக்குக் கிடைப்பது குறைவாக இருக்காது. பெட்டியில் 'பார்' (PAR) மதிப்பு, அதாவது செடி பயன்படுத்தக்கூடிய ஒளியின் அளவு, அச்சிட்டிருந்தால் அதையே நம்புங்கள். தொட்டியின் தரை மட்டத்தில் 15 முதல் 30 வரை இருந்தால் நீங்கள் வைக்கப்போகும் செடிகளுக்குப் போதும். 50க்கு மேல் போனால் அது வாயு செலுத்தும் தொட்டிக்கான விளக்கு.

நிறம்: வெள்ளை, 6,500 கெல்வின் என்று போட்டிருப்பதை எடுங்கள். 5,000 முதல் 7,500 வரை எதுவானாலும் செடி வளரும், நம் கண்ணுக்கு இயல்பாகத் தெரிவது 6,500 பக்கம்தான். இளஞ்சிவப்பாக எரியும் 'பயிர் விளக்கு' தேவையில்லை, அதன் கீழ் மீனின் நிறமே தெரியாது. பல விளக்குகளில் இரவுக்கென்று தனி நீல ஒளி இருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதை இரவு முழுக்க எரியவிடாதீர்கள். மீனுக்கும் செடிக்கும் முழு இருட்டு வேண்டும்.

நீளமும் முக்கியம். 60 செ.மீ. தொட்டிக்கு 30 செ.மீ. விளக்கை நடுவில் மாட்டினால் நடுவில் பாசியும் ஓரங்களில் மெலிந்த செடியும்தான் கிடைக்கும். விளக்கு தொட்டியின் முழு நீளத்துக்கும் இருக்கட்டும். பிரகாசத்தைக் குறைக்கும் வசதி உள்ளதாகக் கிடைத்தால் கூடுதல் நல்லது. கையில் ஏற்கெனவே பலமான விளக்கு இருந்தால் தூக்கிப்போட வேண்டாம், தண்ணீர் மட்டத்திலிருந்து 10–15 செ.மீ. உயர்த்தி மாட்டுங்கள், அல்லது மிதக்கும் செடிகளால் மேற்பரப்பில் பாதியை மூடுங்கள்.

விளக்கோடு ஒரு டைமரையும் வாங்குங்கள். முதல் 4 வாரம் நாளுக்கு 6 மணி நேரம், அதற்கு ஒரு நிமிடம்கூட மிகாமல். செடிகள் புதிய இலை விடத் தொடங்கி, கண்ணாடியில் பாசியும் அதிகம் இல்லையென்றால் வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டி, நாளுக்கு 8 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். கையால் போட்டு அணைப்பவர்கள் ஒரு நாள் 5 மணி நேரமும் மறுநாள் 12 மணி நேரமும் எரியவிட்டுவிடுகிறார்கள், அந்த ஒழுங்கின்மையே பாசிக்கு வழி. எந்த நேரம் என்பது உங்கள் வசதி. மாலை 4 முதல் இரவு 10 வரை வைத்தால் வீட்டில் எல்லோரும் பார்க்க முடியும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் மட்டும் தொட்டி வேண்டாம். அந்த வெயிலை டைமர் கட்டுப்படுத்தாது.

மின்சாரப் பாதுகாப்பை ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. விளக்கு, ஃபில்டர் எல்லாவற்றின் வயரும் பிளக் பாயின்டுக்குப் போவதற்கு முன் அதைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும். வயர் வழியாக வழிந்துவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தொட்டிக்குள் கை விடும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

இனி செடிகள். இரண்டு குணமுள்ள செடிகள் உங்களுக்கு வேண்டும்: குறைந்த வெளிச்சத்தில் நிதானமாக நிற்பவை சில, வேகமாக வளர்ந்து சத்தை உறிஞ்சிப் பாசியைப் பட்டினி போடுபவை பல. ஆரம்பிப்பவர்கள் அழகான மெதுச் செடிகளை மட்டும் நான்கைந்து வாங்கி, நடுவில் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். முதல் நாளிலேயே தரையில் பாதிக்கு மேல் செடி இருக்க வேண்டும். இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வேகமானவற்றில் ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா, வாட்டர் விஸ்டீரியா, லிம்னோஃபிலா செசிலிஃப்ளோரா, ஹார்ன்வொர்ட் ஆகியவை நம்பகமானவை. உங்கள் அளவுக்கு ஹைக்ரோஃபிலா 10–12 தண்டு, விஸ்டீரியா 6–8 தண்டு பின்பக்கத்தில் நடலாம். ஹார்ன்வொர்ட்டுக்கு வேரே கிடையாது, நட வேண்டாம், மிதக்கவிட்டாலே வளரும். பின் மூலையில் வாலிஸ்நேரியா 8–10 கன்று. இது கடின நீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தும் கார்பனை எடுத்துக்கொள்ளும் என்பதால் உப்புத்தன்மையான கிணற்று நீரிலும் செழிக்கும், ஓடுதண்டு விட்டுத் தானே பரவும். 'திரவக் கார்பன்' என்று விற்கும் மருந்தை ஊற்றினால் வாலிஸ்நேரியா கரைந்துபோகக்கூடும். பெரும்பாலான அந்த மருந்துகளில் இருப்பது குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினி. இந்தத் தொட்டிக்கு அது தேவையே இல்லை.

நடுவிலும் முன்னாலும் கிரிப்டோகொரைன் வெண்டி 3–4 கூடை. பச்சை, பழுப்பு இரண்டும் கலந்து வைத்தால் வண்ணத்துக்கு வண்ணமும் ஆயிற்று. கட்டைக்கும் கல்லுக்கும் அனுபியாஸ் நானா 2–3, ஜாவா ஃபெர்ன் 2, ஜாவா மாஸ் ஒரு கைப்பிடி. மேலே சால்வினியா அல்லது அமேசான் ஃபிராக்பிட் சிறிதளவு.

அமேசான் ஸ்வோர்டும் எளிதான செடிதான், ஆனால் 40–50 செ.மீ. வளர்ந்து உங்கள் தொட்டியை அடைத்துவிடும். சிவப்பு வேண்டுமென்றால் ரோட்டாலா மக்ரான்ட்ரா, ஆல்டர்னான்தெரா பக்கம் போகாதீர்கள். சிவப்புத் தாமரைக் கிழங்கு என்று விற்கும் டைகர் லோட்டஸ் ஒன்றே போதும், மிதமான வெளிச்சத்திலேயே செந்நிற இலை விடும். புல்வெளி போலத் தரை மூடும் குளோசோஸ்டிக்மா, 'கியூபா' வகைகளும் இந்த வெளிச்சத்தில் வராது.

ஒரு எச்சரிக்கை. நீர்ச்செடியே அல்லாதவற்றையும் தண்ணீருக்குள் வைத்து விற்கிறார்கள்: லக்கி பேம்பூ, மோண்டோ கிராஸ், பீஸ் லில்லி, சின்கோனியம், ஊதா நிற ஹெமிகிராஃபிஸ். செடியைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பாருங்கள். உண்மையான நீர்ச்செடியின் தண்டும் இலையும் துவண்டு தொங்கும். நிமிர்ந்து விறைப்பாக நின்று, இலையில் மெழுகுப் பூச்சு போல வழவழப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். (அனுபியாஸ், கிரிப்டோகொரைன் விதிவிலக்கு, அவை விறைப்பாகத்தான் இருக்கும்.) தரைச்செடிகள் தண்ணீருக்குள் சில வாரமோ சில மாதமோ தாக்குப்பிடித்து மெல்ல அழுகும், அந்த அழுகல் தண்ணீரையும் கெடுக்கும்.

தரைக்கு 2–3 மி.மீ. குறுணிக் கல் அல்லது நன்றாகக் கழுவிய ஆற்று மணல். முன்னால் 4 செ.மீ., பின்னால் 7 செ.மீ. என்று சரிவாகப் போட்டால் வேருக்கும் இடம், பார்வைக்கும் ஆழம். கல்லின் மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரைத் தொடர்ந்து கடினமாக்கிக்கொண்டே இருக்கும், அது வேண்டாம். சத்து மண் என்று பாக்கெட்டில் வருபவை செடிக்கு மிக நல்லவை, ஆனால் பலவும் முதல் வாரங்களில் அம்மோனியாவைக் கசியவிடும். அதைப் போட்டால் மீன் விடுவதை நிதானமாகத் தள்ளிப்போட வேண்டும்.

நடுவதில்தான் அதிகமானவர்கள் தவறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தண்டுச் செடிகள் ஈயப் பட்டை சுற்றிய கட்டாக வரும். அப்படியே கட்டாக நட்டால் நடுவில் உள்ள தண்டுகளுக்கு வெளிச்சம் எட்டாமல் அடி அழுகி, ஒரு வாரத்தில் கட்டே மேலே மிதக்கும். பட்டையைப் பிரித்து, ஒவ்வொரு தண்டின் அடியிலும் நசுங்கிய பகுதியை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் இரண்டு கணுக்களின் இலைகளை நீக்கி, அந்த இரண்டு கணுவும் மணலுக்குள் போகும்படி சாமணத்தால் 3–4 செ.மீ. ஆழத்தில் சற்றுச் சாய்வாகச் செருகுங்கள். வேர் வருவது கணுவிலிருந்துதான். தண்டுக்குத் தண்டு 2–3 செ.மீ. இடைவெளி.

கிரிப்டோகொரைன் சிறு கூடையில் பஞ்சு சுற்றி வரும். பஞ்சைத் துணுக்கு விடாமல் எடுத்துவிட்டு, உள்ளே 3–5 தனிக் கன்றுகள் இருந்தால் பிரித்து, வேரை 3 செ.மீ. அளவுக்குக் கத்தரித்து நடுங்கள். வாலிஸ்நேரியாவில் வேரும் இலையும் சேரும் இடத்தில் வெள்ளையாக ஒரு தூர் தெரியும். அது மணலுக்கு மேல் இருக்க வேண்டும். சற்று ஆழமாக நட்டு, தூர் தெரியும்வரை மெதுவாக மேலே இழுத்துவிடுவது எளிய வழி.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் முற்றிலும் வேறு. இஞ்சி போலப் படுத்துக் கிடக்கும் தடித்த தண்டு ஒன்று இவற்றுக்கு உண்டு, இலை மேலே போகும், வேர் கீழே போகும். அந்தத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கட்டையிலோ கல்லிலோ பருத்தி நூலால் கட்டுங்கள், அல்லது ஜெல் வடிவ சூப்பர் குளூவை இரண்டு சொட்டு வைத்து 20–30 நொடி அழுத்திப் பிடியுங்கள். அது தண்ணீரில் இறுகிவிடும், மீனுக்குக் கேடில்லை. வாங்கும்போதே அந்தத் தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாகப் பச்சையாக இருக்க வேண்டும். எங்காவது கொழகொழவென்று அமுங்கி நாற்றம் வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. வாங்கிய பிறகு அப்படிக் கண்டால் பிளேடால் கெட்டியான பகுதிவரை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கட்டுங்கள். நிழலான இடமே இவற்றுக்குப் போதும். விளக்குக்கு நேர் கீழே வைத்தால் மெதுவாக வளரும் இலைகளில் பாசி ஏறிவிடும்.

நட்ட இரண்டாம் வாரம் மனம் தளரும். கிரிப்டோகொரைனின் இலைகள் கண்ணாடி போல வெளிறி, கூழாகிக் கரையும். இடம் மாறினால் அது அப்படித்தான் செய்யும், வேர் உயிரோடுதான் இருக்கிறது. கரைந்த இலைகளை மட்டும் எடுத்துவிட்டு, வேரில் கை வைக்காமல் 3–4 வாரம் காத்திருங்கள். புது இலை மணலிலிருந்து கூராக எழும். மற்றச் செடிகளிலும் பழைய இலை உதிர்வதற்கு ஒரு காரணம் உண்டு. பண்ணைகளில் பெரும்பாலும் இவற்றைத் தண்ணீருக்கு வெளியே ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலைகள் நீருக்குள் வேலை செய்யாது. விஸ்டீரியா முழு இலையோடு வந்து, உங்கள் தொட்டியில் சீப்பு போலப் பிளந்த இலை விட்டால் அது சரியாகப் பழகிவிட்டது என்று பொருள்.

சத்து. மூன்றாம் வாரத்திலிருந்து எல்லாச் சத்தும் அடங்கிய திரவ உரத்தைப் பாட்டிலில் சொன்ன அளவில் பாதி, வாரம் ஒருமுறை. வேரால் உண்ணும் கிரிப்டோகொரைன், வாலிஸ்நேரியா பக்கத்தில் உர வில்லைகளை 10–15 செ.மீ. இடைவெளியில் ஆழமாகப் புதைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். குறை எது என்று இலையே சொல்லும். நைட்ரஜன், பொட்டாசியம் குறைந்தால் செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து உருவிப் புதிய இலைக்கு அனுப்பும். ஆகவே நோய் பழைய இலையில் தெரியும்: முழுவதும் மஞ்சளானால் நைட்ரஜன், ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள் விழுந்து பெரிதானால் பொட்டாசியம். இரும்பை அப்படி இடம் மாற்ற முடியாது, அதனால் குருத்து வெளிறும். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் கண்டு பயப்படாதீர்கள். அவை வித்துப்பைகள். இலை நுனியில் வேரோடு குட்டிச்செடி தொங்கினால் கிள்ளிக் கட்டி வளர்க்கலாம்.

வெளிச்சம் பட்ட சில மணி நேரத்தில் இலையில் முத்து முத்தாகக் குமிழ் நின்றால் அது ஆக்சிஜன், நல்ல அறிகுறி. தண்ணீர் மாற்றியவுடன் எல்லா இடத்திலும் ஒட்டும் குமிழ்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அவை புதுத் தண்ணீரில் கரைந்திருந்த காற்று.

முதல் மாதம் வாரத்துக்கு 40–50 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள், பிறகு 25–30 போதும். குழாய் நீரில் குளோரின் இருந்தால் நீக்கி மருந்து போட்ட பிறகே ஊற்ற வேண்டும். வெப்பம் 22 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் மேலே சொன்ன எல்லாச் செடியும் நிற்கும். செடிகள் அம்மோனியாவை உறிஞ்சினாலும் அதை மட்டும் நம்பி மீன் விடாதீர்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகு சிலவாக விடுங்கள். தங்கமீன் மென்மையான இலைகளை மேய்ந்துவிடும், அதை வளர்ப்பவர்கள் அனுபியாஸ், ஜாவா ஃபெர்னோடு நிற்பது நல்லது.

பாசி வந்தால் எது என்று பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். இரண்டாம் வாரம் முதல் பழுப்புத் தூசியாகப் படிவது டயாட்டம், விரலால் துடைத்தால் போகும், சில வாரங்களில் தானே அடங்கும். கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் கெட்டியான பச்சைப் புள்ளிகள் என்றால் வெளிச்சம் அதிகம், ஒரு மணி நேரம் குறைத்துப் பிளேடால் சுரண்டுங்கள். நூல் நூலாகப் படர்ந்தால் பல் துலக்கும் பிரஷ்ஷில் சுருட்டி எடுத்துவிட்டு, வேகச் செடிகளைக் கூட்டுங்கள். இலை ஓரத்தில் கரும்பச்சைத் தாடி போல நின்றால் அந்த இலையை வெட்டிவிட்டு, ஃபில்டரையும் தரையில் சேர்ந்த கழிவையும் சுத்தம் செய்யுங்கள். நீலப்பச்சைப் போர்வையாக வழுக்கி நாறினால் அது பாசியே அல்ல, பாக்டீரியா. கையால் உரித்தெடுத்து, தண்ணீரை மாற்றி, தொட்டியைத் துணியால் முழுக்க மூடி 3 நாள் இருட்டில் வையுங்கள், காற்று மோட்டார் மட்டும் ஓடட்டும். பாசி தின்னும் ஓட்டோசிங்க்ளஸ் மீனைப் புதுத் தொட்டியில் விட்டால் தின்ன ஒன்றும் இல்லாமல் இறந்துபோகும், சில மாதம் போகட்டும்.

தண்டுச் செடிகள் மேற்பரப்பைத் தொட்டதும் மேல் பாதியை 15 செ.மீ. நீளத்தில் வெட்டி அதே இடத்தில் நடுங்கள். அடித்தண்டையும் விட்டால் அது இரண்டு கிளை விடும். மிதக்கும் செடிகளை வாரம் ஒருமுறை பாதியாவது அள்ளி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே உள்ளவற்றுக்கு வெளிச்சமே போகாது. வெட்டியதையும் அள்ளியதையும் குளத்திலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். ஹைக்ரோஃபிலா, சால்வினியா போன்றவை ஒரு துண்டிலிருந்தே நீர்நிலையை அடைத்துவிடும், சில நாடுகளில் இவற்றை வைத்திருக்கவே தடை உண்டு. வெயிலில் முழுக்கக் காயவைத்து உரக்குழியில் சேர்த்துவிடுங்கள்.